கார்டு கழட்டின கிரைண்டர்

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். வெல்டிங் பட்டறை வச்சிருக்கவங்க, மரவேலை செய்றவங்க, வீட்டுக்கு க்ரில் கேட் ஆர்டர் கொடுத்திருக்கவங்க அவசியம் படிங்க.

2/ திருவண்ணாமலையில் எந்த ரோட்டில் போனாலும் பட்டறை வாசல்ல கிரைண்டரோட ஒரு தம்பி உட்கார்ந்திருப்பார். அந்த மெஷினைப் பாருங்க. சக்கரத்தைப் பாதி மூட வேண்டிய இரும்பு கார்டு பல மெஷின்ல இருக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே இல்லாம வந்திருக்கும். இல்லன்னா "இடைஞ்சலா இருக்கு"ன்னு கழட்டிப் போட்டிருப்பாங்க.

3/ 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுத்தும். அப்போ சக்கரத்தோட விளிம்பு வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். உடைஞ்சா துண்டு அந்த வேகத்துலதான் பறக்கும். கண் சிமிட்டக்கூட நேரம் கிடைக்காது.

4/ பழைய அமெரிக்க பந்தயக் கார்களில் கிளட்சைச் சுத்தி கனமான இரும்புக் கூடு மாட்டுவாங்க. கிளட்ச் வெடிச்சா துண்டு டிரைவரோட காலுக்கு வரக்கூடாதுன்னு. 1970-ல் டான் கார்லிட்ஸ் என்ற வீரரோட காரில் டிரான்ஸ்மிஷன் வெடிச்சு வலது பாதத்தின் ஒரு பகுதியே போயிடுச்சு. அடுத்த வருஷம் அவர் இன்ஜினையே தனக்குப் பின்னாடி வச்ச காரோட வந்தார். துண்டு பறக்கும் பாதையில் ஆள் இருக்கக்கூடாது. கிரைண்டர் கார்டோட வேலையும் இதேதான்.

5/ பெரிய ஆபத்து, கார்டைக் கழட்டிட்டு 4 இன்ச் மெஷின்ல 7 இன்ச் சக்கரம் மாட்டுறது. 7 இன்ச் கட்டிங் வீல் தாங்குறது பொதுவா 8,500 சுற்று வரைதான். மெஷின் சுத்துறது 11,000. மரம் அறுக்கிற பல் பிளேடு மாட்டுறதும் இதே தப்புதான். அது சிக்கினா மெஷின் கையை விட்டுத் துள்ளி தொடைக்கோ கழுத்துக்கோ வரும்.

6/ பழைய கார்டு வாங்கி மாட்டலாமா? மாட்டலாம். ஆனா அதே மாடலுக்கானதா இருக்கணும். விரிசல், நசுங்கல், வெல்டிங் ஒட்டு இருந்தா வேண்டாம். கையால திருப்பினா ஆடக்கூடாது. மூடின பக்கம் உங்களைப் பார்த்து இருக்கணும். சந்தேகம் இருந்தா புதுசு வாங்குங்க. ஒரு நாள் கூலிகூட ஆகாது.

7/ "கார்டு இருந்தா மூலையில வெட்ட முடியாது டாக்டர்"னு சொல்வாங்க. நியாயமான பேச்சுதான். அந்த நாலு மூலைக்கு ஹேக்ஸா பிளேடு, அரம் எடுங்க. பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

8/ என் கருத்து: இதைத் தொழிலாளியோட அலட்சியம்னு மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது. மெஷின் முதலாளியோடது. வேலை கத்துக்க வந்த பையன் "கார்டு எங்கண்ணே?"ன்னு கேட்க மாட்டான். "தீபத்துக்குள்ள கேட் வேணும்"னு அவசரப்படுத்துற நாமளும் இதில் பங்காளிதான். அட்வான்ஸ் கொடுக்கும்போதே கார்டையும் கண்ணாடியையும் கேளுங்க. கூலிங் கிளாஸ் இல்லீங்க, பக்கமும் மூடின பாதுகாப்புக் கண்ணாடி.

9/ கண்ணில் துண்டு குத்தி நின்னா தேய்க்காதீங்க, பிடுங்காதீங்க, கழுவாதீங்க. கண்ணை அழுத்தாம மேலே ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிட்டு, உடனே கண் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கை கால் வெட்டுன்னா சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு 108-க்குக் கூப்பிடுங்க.

10/ கார்டைத் திருப்பி மாட்ட ரெண்டு நிமிஷம் போதும். போன கண்ணைத் திருப்பி மாட்ட எங்களால முடியாது. தெரிஞ்ச பட்டறைக்காரருக்கு இதை ஃபார்வர்ட் பண்ணுங்க.