கீசரைக் குத்தம் சொல்லாதீங்க, தண்ணியைப் பாருங்க

மார்கழி பொறந்தா போதும், சென்னைச் சொந்தக்காரங்க போன்ல கீசர் புராணம்தான். மயிலாப்பூர் அக்கா, "பாதிக் குளியல்லயே வெந்நீர் தீர்ந்துடுதுடா தம்பி"ங்கும். அடையாறு சித்தப்பாவுக்கு ரெண்டே வருஷத்துல காயில் போச்சாம். தி.நகர் மச்சானுக்கு, "15 லிட்டரை எடுத்துட்டு 25 போட்ரலாமா?"ன்னு யோசனை. விவசாயிகிட்ட ஏன் இதெல்லாம் கேக்குறாங்கன்னு தோணும். போர் தண்ணியோட மல்லுக்கட்டுறவன் சொல்றேன்: சென்னையில கீசருக்கு வர்ற நோய் பெரும்பாலும் தண்ணியில இருந்து வர்ற நோய்.

தென்னைக்குச் சொட்டுநீர் போட்டவங்களுக்கு இது நல்லாத் தெரியும். கடினத் தண்ணி ஓடினா சொட்டுவான் வாய் வெள்ளையா அடைச்சுக்கும். அமிலம் விட்டுக் கழுவினாத்தான் திறக்கும். பச்சைத் தண்ணியே அந்தப் பாடு படுத்தினா, சுட வைக்கும்போது சும்மா விடுமா? சூடு ஏற ஏற, கரைஞ்சிருந்த சுண்ணாம்பு பிரிஞ்சு காயில் மேல ஓடு கட்டும். 60 டிகிரி தாண்டினா இன்னும் வேகமா. அந்த ஓடு காயிலுக்குக் கம்பளி போத்தின மாதிரி. சூடு தண்ணிக்குப் போகாம, காயிலே வெந்து வெடிக்கும்.

கீசருக்குள்ள படபடன்னு சத்தம் வந்தா, முன்னை விட லேட்டா சூடானா, அது பெரும்பாலும் இந்தப் படிவுதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழட்டிக் கழுவச் சொல்லுங்க. உள்ளே மெக்னீசியம் கம்பி ஒண்ணு இருக்கும், ஆனோடுன்னு பேரு. தொட்டி துருப்பிடிக்காம இருக்க அது தன்னைக் கரைச்சுக்கும். கரைஞ்சு போயிருந்தா மாத்தணும். வருஷம் ஒருமுறை இதைச் செஞ்சாலே பாதிப் புலம்பல் குறையும்.

கடற்கரைப் பக்கம் இன்னொரு வம்பு, உவர்ப்பு. கடினமும் உவர்ப்பும் வேற வேற. மாடியில வைக்கிற சாஃப்ட்னர் கடினத்தைத்தான் எடுக்கும், உவர்ப்பை எடுக்காது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி தண்ணியைச் சோதிச்சுப் பாருங்க. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் கடினத்தன்மை 200 மில்லிகிராம், கரைஞ்ச உப்பு மொத்தம் 500 மில்லிகிராம்ங்குது. வேற தண்ணி இல்லைன்னாத்தான் 600, 2000 வரைக்கும் விடலாம். உங்க போர் தண்ணி எந்த இடத்துல நிக்குதுன்னு தெரியாம கீசர் வாங்குறது, மண்ணைப் பாக்காம விதை வாங்குற மாதிரி.

அளவு விஷயத்துக்கு வருவோம். சென்னைக் குளிர் 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்குறது அபூர்வம். ஊட்டிக்கு வாங்குற மாதிரி ஏன் வாங்கணும்? 15 லிட்டர் தண்ணியை 27 டிகிரியில இருந்து 60-க்குக் கொண்டுபோக, 2 கிலோவாட் காயிலுக்குப் பதினேழு பதினெட்டு நிமிஷம், கிட்டத்தட்ட 0.6 யூனிட். அதுல பச்சைத் தண்ணி கலந்தா 40 டிகிரியில சுமார் 38 லிட்டர், அதாவது ரெண்டு பக்கெட். நாலு பேர் வீட்டுக்கு ரெண்டு தடவை போட்டா முடிஞ்சது. ஷவர்லயே நிக்கிறவங்களுக்கு மட்டும் 25 லிட்டர். ஸ்டார் லேபிள், சூடாக்கி வெச்ச தண்ணி எவ்வளவு சூட்டை இழக்குதுன்னு சொல்ற கணக்கு. நாள் பூரா போட்டு வெச்சாத்தான் அது பெரிய விஷயம். குளிக்க முன்னாடி போட்டு, உடனே அணைச்சா அஞ்சு ஸ்டாருக்கு ரொம்ப அலைய வேண்டாம்.

சோலார் போடலாமான்னு கேக்குறாங்க. வெயிலை நம்பிப் பொழைக்கிற எனக்கு அது பிடிக்கும். ஆனா ஒண்ணு யோசிங்க. சித்திரையில சின்டெக்ஸ் தொட்டித் தண்ணியே சுடும். வெந்நீர் தேவைப்படுற ஐப்பசி, கார்த்திகையில வானம் மூடிக்கும். அதனால உள்ள ஒரு காயிலும் இருக்கணும். கடினத் தண்ணின்னா ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கான்னு கேளுங்க. தனி வீட்டுக்கும் மேல் மாடிக்கும் நல்லது. நாலு மாடி பிளாட்டுல கீழ் வீட்டுக்குச் சூடு வந்து சேர்றதுக்குள்ள ஒரு பக்கெட் தண்ணி சாக்கடைக்குப் போயிடும்.

எங்க ஊர்ல தென்னை மட்டையை எரிச்சுத் தவலையில காய்ச்சுறோம். பழைய மயிலாப்பூர் வீடுகள்ல செப்பு பாய்லர் இருந்துச்சு. அதுக்குத் திரும்புங்கன்னு சொல்ல மாட்டேன், பிளாட்டுல புகைதான் மிஞ்சும். ஆனா உயிர் விஷயத்துல விளையாடாதீங்க. எர்த் சரியா இருக்கணும், ஆர்சிசிபி கட்டாயம். அது அடிக்கடி விழுந்தா காயில் கசியுதுன்னு அர்த்தம் இருக்கலாம். அதை பைபாஸ் பண்ற எலக்ட்ரீஷியனை வாசலோட அனுப்பிடுங்க. சேஃப்டி வால்வ் சொட்டுதுன்னு துணி வெச்சு அடைக்காதீங்க. பக்கெட்டுல ராடு போட்டா, சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணியில கை வைக்கணும். கேஸ் கீசரைக் காத்தோட்டம் இல்லாத பாத்ரூம்ல வைக்கவே கூடாது. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

கடைசியா ஒண்ணு. 2003-ல தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க. உங்க வீட்டுலயும் அப்ப வெட்டின குழி இருக்கும். இன்னைக்கு அதுல மண்ணு அடைஞ்சு, மேல கார் நிக்குதா? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி அசோசியேஷன் கூட்டத்துல அதைப் பேசுங்க. மாடித் தண்ணி ரோட்டுக்கு ஓடாம கிணத்துக்குப் போனா, போர் தண்ணியோட உப்பும் மெல்லக் குறையும். புதுக் கீசருக்குக் கொடுக்கிற காசுல அந்தக் குழியைத் தூர்வாரிடலாம்.