அறிவிப்பின்றி அழியும் மடல்கள்

2003ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிரிட்டன் பொதுமக்கள் அவையில் புதிதாக நிறுவப்பட்டிருந்த மின்னஞ்சல் வடிகட்டி ஒரு பெரும்பிழை செய்தது. ஆபாச மடல்களும் குப்பை அஞ்சல்களும் உறுப்பினர்களை அடையாமல் காப்பதே அதன் பணி. அந்நாளில் நாடாளுமன்றத்தின் முன் இருந்ததோ பாலியல் குற்றங்கள் பற்றிய சட்ட முன்வடிவு. அதைக் குறித்து எழுதப்பட்ட மடல்களையே வடிகட்டி ஆபாசமெனக் கருதி மறித்தது. வேல்சு மொழியில் வந்த மடல்களும் தடைப்பட்டன. அம்மொழியை அது அறியாது.

சட்டம் இயற்றும் அவைக்கும் மக்களுக்கும் இடையே, எவரும் வாக்களித்து அமர்த்தாத ஒரு தணிக்கையாளர் புகுந்துவிட்டார் என்பதே இதன் பொருள். அதனினும் கொடிது அவர் பேசாதிருப்பது.

தொடக்ககால வடிகட்டிகள் எழுத்துக் கோவைகளை மட்டுமே பார்த்தன. இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரத்தார் 1996இல் தம் ஊர்ப்பெயரைத் தந்து ஏஓஎல் இணையச் சேவையில் பதிவு செய்ய இயலாமற்போனது அதனால்தான்: பெயரின் நடுவே சில எழுத்துகள் சேர்ந்து இழிசொல்லாகத் தோன்றின. பின்வந்தவை நிகழ்தகவைக் கணக்கிட்டு முடிவு செய்கின்றன. பிழை குறைந்தது, உண்மை. ஆயினும் ஒரு மடல் ஏன் விலக்கப்பட்டது என்பதை எழுதியவர் அறிய வழியில்லை.

பிழையின் சுமை பெரும்பாலும் எளியோர்மீதே விழுகிறது. 2013இல் பிரிட்டன் அரசின் வற்புறுத்தலால் இணைய நிறுவனங்கள் இல்லந்தோறும் வடிகட்டிகளைப் புகுத்தத் தொடங்கின. சிறார்க்குப் பாலியல் கல்வி புகட்டும் தளங்களும் அவற்றில் சிக்கின. கைப்பேசி நிறுவனம் ஒன்றின் பெற்றோர் கட்டுப்பாட்டு அமைப்பு, துன்புறும் குழந்தைகளுக்கு உதவும் சைல்டுலைன் தளத்தையே மறைத்தது. வீட்டிலேயே வதைபடும் குழந்தை, உதவிக்கான அக்கதவைத் திறக்கும்படி எவரிடம் சென்று கேட்கும்?

வடிகட்டிகளே வேண்டா என்பது நம் கருத்தன்று. வங்கியின் பெயரால் வரும் பொய்மடலை நம்பி வாழ்நாள் சேமிப்பை இழந்தோர் பலர், காவல் தேவை. நாம் எதிர்ப்பது, ஏற்றுக்கொண்ட மடலை இருவருக்கும் சொல்லாமல் அழிக்கும் வழக்கத்தை. அனுப்பியவர் சேர்ந்துவிட்டது என்றிருக்கிறார். பெறவேண்டியவர் எதுவும் வரவில்லை என்றிருக்கிறார். மருத்துவ அறிக்கையோ பணி நியமனமோ இவ்விருவருக்கும் இடையே மறைந்துபோகிறது. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறையே, ஏற்ற மடலைச் சேர்க்க இயலாவிடில் அனுப்பியவருக்குத் தெரிவிக்கப் பணிக்கிறது. மோசடியாளர் போலி முகவரியிட்டு அனுப்புவதால், பின்னர் விடுக்கும் அறிவிப்பு தொடர்பற்றோரைச் சென்றடையும் என்பர். பெறும்போதே மறுத்துவிட்டால் அவ்விடர் பெரும்பாலும் எழாது.

எனவே அரசு அலுவலகங்கள், நீதிமன்றங்கள், மருத்துவமனைகள் ஆகியவை ஐயத்துக்குரிய மடலை அழிக்காது தனியே வைத்து, அதன் பட்டியலை உரியவருக்கு நாள்தோறும் காட்ட வேண்டும். தடுக்கப்பட்ட தளத்தின் உரிமையாளர் முறையிடவும், குறித்த காலத்துக்குள் மனிதர் ஒருவரிடமிருந்து விடைபெறவும் சட்டம் வழி செய்ய வேண்டும். வடிகட்டியை விற்கும் நிறுவனங்கள், தாம் தவறாகத் தடுத்தவற்றின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடக் கடமைப்பட்டவை.