செம்பு கிலோ என்ன விலை?

திருத்தணி பக்கத்தில் வேலஞ்சேரியில் 1977ல் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று பல்லவன் அபராசிதனுடையது. இன்னொன்று முதலாம் பராந்தக சோழனுடையது. அபராசிதனைத் தோற்கடித்துத் தொண்டை மண்டலத்தைப் பிடித்தவன் ஆதித்த சோழன், அதாவது பராந்தகனின் அப்பா. தோற்றவன் கொடுத்த பட்டயமும் ஜெயித்தவன் மகன் கொடுத்த பட்டயமும் ஒரே ஊரில், ஒன்றாக! நாகசாமி 1979ல் அவற்றை நூலாக வெளியிட்டார்.

அதே செப்பேடுகள் நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால்? கொஞ்சம் செம்பு, அவ்வளவுதான். உருக்கிச் சொம்பு பண்ணியிருப்பார்கள்.

இப்போது அம்மையார்குப்பத்துக்கு வருவோம். தறி ஓடும் ஊர். ஊரைத் தாண்டினால் நிலம், அதைத் தாண்டினால் ஆந்திரா. அங்கே ஒருவர் ஏர் ஓட்டும்போது ஐந்து செப்புக் காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்ய வேண்டும்? 1878ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில். யாரும் உரிமை கோராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. நன்றாகத்தானே இருக்கிறது என்கிறீர்களா? 16ஆவது பிரிவைப் படியுங்கள். அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால் தருவது உலோகத்தின் விலை, அதற்கு மேல் அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து கிராம் செம்புக்கு என்ன வரும்? ஒரு டீ குடிக்கலாம், அதுவும் சின்ன கிளாஸில். இதற்காக யாராவது தறியை நிறுத்திவிட்டுத் திருவள்ளூருக்கு பஸ் ஏறுவார்களா?

மெட்டல் டிடெக்டர்தான் வில்லன் என்று சிலர் கத்துகிறார்கள். அது இங்கே உலோகம் இருக்கிறது என்று கத்தும் கருவி, அவ்வளவே. எந்தக் காலத்தது, பக்கத்தில் என்ன ஓடு கிடந்தது என்று அதற்குத் தெரியாது. அவசரமாகத் தோண்டுகிறவருக்கும் தெரியாது. கரூர் அமராவதி மணலில் கிடைத்த மாக்கோதை, கொல்லிப்பொறை காசுகளையே பாருங்கள். சேர மன்னர் பெயர் பொறித்த காசு என்றால் சும்மாவா? ஆனால் ஆற்று மணலில் பொறுக்கி வியாபாரி கைமாறி வந்த காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று எவரும் சொல்ல முடியாது. எழுத்து மிஞ்சியது, இடம் போய்விட்டது.

இங்கிலாந்தில் 1996ல் சட்டத்தை மாற்றினார்கள். 1997ல் கிடைத்த இடத்தோடு சின்னப் பொருளையும் பதிந்துகொள்ளும் திட்டம் வந்தது. 2009ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலில் டிடெக்டரில் சிக்கிய தங்கக் குவியலுக்கு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு! கண்டெடுத்தவரும் விவசாயியும் பாதிப் பாதி. அங்கே ராத்திரித் திருடர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் நேர்மையானவனுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது.

இங்கே திறக்க என்ன தடை? உலோக விலையை எடுத்துவிட்டுச் சந்தை விலை என்று எழுதுங்கள். தாலுகா ஆபீசிலேயே பதிந்துகொண்டு, கண்டெடுத்தவர் பெயரை மியூசியம் அட்டையில் போடுங்கள். நிலம் பறிபோகாது என்று எழுதிக் கொடுங்கள். அதுவரை பழைய இரும்புக்காரர் தேவலை. வாசலுக்கே வருகிறார், கேள்வி கேட்காமல் காசும் கொடுக்கிறார்.