உலகக் கோப்பை ஜெயித்ததே ஞாபகம் இல்லை: ரக்பி வீரர் ஸ்டீவ் தாம்ப்சனுக்கு என்ன ஆச்சு?

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி உலகக் கோப்பை இறுதிப்போட்டி. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. இங்கிலாந்து 17, ஆஸ்திரேலியா 17. எல்லைக் கோட்டில் நின்று இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்ப்சன் பந்தை உள்ளே வீசுகிறார். சில நொடிகளில் அந்தப் பந்து ஜானி வில்கின்சன் காலுக்கு வர, டிராப் கோல்! 20-17. கோப்பை இங்கிலாந்துக்கு.

இன்று அந்தப் போட்டியின் வீடியோவைப் போட்டுக் காட்டினாலும் தாம்ப்சனுக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. தனக்கு டிமென்ஷியா, அதாவது மறதிநோய் இருப்பதாக 2020 டிசம்பரில் அவரே அறிவித்தார். அப்போது வயது வெறும் 42. மனைவியின் பெயர்கூட சில நேரம் மறந்துபோகிறது என்றார்.

யார் இவர்?

இங்கிலாந்துக்காக 73 போட்டிகளில் ஆடியவர். இடம்: ஹூக்கர். ரக்பி யூனியனில் ஒரு அணிக்கு 15 பேர். அதில் 8 பேர் ஃபார்வர்டுகள். ஓடிப்போய் புள்ளி எடுக்கும் ஹீரோ வேலை பெரும்பாலும் மற்றவர்களுக்கு. முட்டி மோதி பந்தைப் பிடுங்கித் தருவது இவர்கள் வேலை.

ஸ்க்ரம் என்றால் இரு அணியின் 8 பேரும் தோளோடு தோள் பிணைந்து, தலையைக் குனிந்து எதிரெதிரே முட்டித் தள்ளுவது. ஒரு பக்கத்தின் எடை மட்டும் கிட்டத்தட்ட 900 கிலோ. அந்த முன்வரிசையின் நட்டநடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர்தான் ஹூக்கர். கழுத்துக் காயத்தால் 2007-ல் ஓய்வு பெற்ற தாம்ப்சன், திரும்பி வந்து ஆடி, 2011-ல் மீண்டும் கழுத்துக் காயத்தோடுதான் விடைபெற்றார்.

மயங்கி விழுந்தால்தானே ஆபத்து?

பலரும் நினைப்பது அப்படித்தான். ஆனால் மருத்துவர்களின் கவலை வேறு. டிவியில் ரீப்ளே போடும் பெரிய அடி மட்டும் பிரச்சினை இல்லை. யாருமே கவனிக்காத சின்னச் சின்ன அதிர்வுகள் ஆயிரக்கணக்கில் சேருவதுதான் பெரிய சிக்கல். இப்படித் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் நோய்க்கு சி.டி.இ. என்று பெயர். தாம்ப்சனுக்கும் அது இருக்கலாம் என்பது மருத்துவர்கள் கணிப்பு.

1995-ல்தான் ரக்பி யூனியன் சம்பளம் வாங்கி ஆடும் விளையாட்டாக மாறியது. வீரர்களின் உடல் எடை ஏறியது, பயிற்சி நேரமும் ஏறியது. மேட்ச் வாரத்துக்கு ஒன்றுதான். பயிற்சியோ கிட்டத்தட்ட தினமும். பாதிப்பில் பெரும்பகுதி பயிற்சியில்தான் வந்திருக்கும் என்று முன்னாள் வீரர்கள் சொல்வது இதனால்தான்.

ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச வீரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2022-ல் வெளியானது. மூளை நரம்புச் சிதைவு நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, ஃபார்வர்டா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று, அவர்களில் பெரும்பாலோர் சம்பள காலத்துக்கு முந்தைய வீரர்கள். தாம்ப்சன் தலைமுறையின் முழுக் கணக்கு இனிமேல்தான் வரும்.

வழக்கு எதற்கு?

வேல்ஸின் அலிக்ஸ் பாப்ஹம், நியூசிலாந்தின் கார்ல் ஹேமன் ஆகியோருக்கும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே டிமென்ஷியா. இருவருமே ஃபார்வர்டுகள். தாம்ப்சன் உள்பட நூற்றுக்கணக்கானோர் வேர்ல்டு ரக்பி, இங்கிலாந்து, வேல்ஸ் ரக்பி அமைப்புகள் மீது லண்டனில் வழக்கு தொடுத்தனர். பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கும் இந்த வழக்கின் மையக் கேள்வி ஒன்றுதான்: ஆபத்து தெரிந்தும் வீரர்களைக் காக்கத் தவறினார்களா? வீரர்களின் நலனுக்கே முன்னுரிமை தருவதாக அமைப்புகள் சொல்கின்றன.

இப்போ என்ன மாறியிருக்கு?

2013-ல் ஸ்க்ரமில் மோதும் வேகம் குறையும்படி விதி மாறியது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் வீரரை வெளியே அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். 2024 முதல், தலை அதிர்வை அளக்கும் ஸ்மார்ட் மவுத்கார்டும் அந்தப் பரிசோதனையோடு சேர்ந்துவிட்டது. முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடம் போதும் என்று 2021-ல் வேர்ல்டு ரக்பி அறிவுறுத்தியது. ஆனால் அது வெறும் அறிவுரை. மேட்ச்சில் என்ன நடக்கிறது என்பதை நடுவரும் கேமராவும் பார்க்கிறார்கள். பயிற்சி மைதானத்தில் யார் பார்ப்பது? பெரிய ஓட்டை அங்கேதான்.

சி.டி.இ. இருப்பதை உறுதியாகச் சொல்ல, இறந்தபின் மூளையைப் பரிசோதிப்பது ஒன்றே வழி. அதற்காகத் தன் மூளையைத் தானம் செய்வதாக 2021-ல் தாம்ப்சன் எழுதிக் கொடுத்துவிட்டார். தனக்கு நடந்தது என்ன என்பதற்கான உறுதியான பதில் அதிலிருந்துதான் கிடைக்கும். அதைத் தெரிந்துகொள்ள அவர் இருக்க மாட்டார். அடுத்து வரும் வீரர்களுக்கு அது உதவும் என்பதுதான் அவருடைய நம்பிக்கை.