போர்டு போச்சு தம்பி!

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தடை செய்ய வேண்டும். "போர்டு போச்சு தம்பி." சும்மா கலாய்க்கவில்லை, சீரியஸாகத்தான் சொல்கிறேன். கையில் மல்ட்டிமீட்டர் இல்லாமல், கேபினட் மூடியைக் கழற்றாமல், பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறவருக்கு நம்மிடம் பத்து பைசா வாங்கவும் உரிமை கிடையாது என்பது என் கட்சி.

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். எங்கள் வீடு மந்தைவெளி. அப்பா நாலைந்து சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். டேலி, பழைய பில்கள், ரிட்டர்ன் எல்லாம் வீட்டில் இருக்கும் ஒரே ஒரு அசெம்பிள்டு பெட்டியில். அது திடீர் திடீரென்று கருப்பாகித் தானே ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. சும்மா இருந்தால் இரண்டு மணி நேரம்கூட ஓடும். நாலு வேலையை ஒன்றாகக் கொடுத்தால் பொட்டென்று போய்விடும். தேதி 18. ஜிஎஸ்டிஆர் 3பி கட்டக் கடைசி நாள் 20. அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தி.நகரில் ஒரு கடைக்குப் போனோம். ஐந்தே நிமிடம். "போர்டு போச்சு தம்பி. இந்த மாடல் இப்ப வராது. போர்டு, பிராசஸர், ரேம் மூணும் மாத்தணும். பதினெட்டு ஆகும். பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி." என்ன டெஸ்ட் பண்ணீங்க அண்ணே என்று கேட்டேன். "பார்த்தாலே தெரியுமே!"

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். மறுநாள் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் மெக்கானிக். செக் பண்ண 300 ரூபாய், கோளாறு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 300 என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்தார், லோடு கொடுத்தார், மீட்டரை வைத்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10.8. எஸ்எம்பிஎஸ் காலி. புதுசு 2,600 ரூபாய். அன்றைக்கே 3பி போட்டாயிற்று. இது நடந்து எட்டு மாதம் ஆகிறது, அந்தச் "செத்துப்போன" போர்டில்தான் இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன் :-)

தி.நகர் கடையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. அந்த ஒரு கடையோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியே இருக்க மாட்டேன்.

மேட்டருக்கு வருவோம். கிராஷ் என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் வந்தவனை எல்லாம் "கிட்னி போச்சு" என்று சொல்லும் டாக்டரிடம் நாம் போவோமா? கம்ப்யூட்டர் தானாக அணைவதற்குக் காரணம் ஒரு டஜன் இருக்கும், அதில் மதர்போர்டு வரிசையில் கடைசிப் பக்கம் நிற்கிற ஆள். எஸ்எம்பிஎஸ் வயசாகிவிட்டால் சும்மா இருக்கும்போது சமாளிக்கும், லோடு ஏறினால் மூச்சு வாங்கும். ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் லைன் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 11.4-க்குக் கீழே போகவே கூடாது. இதைப் பார்க்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். பிராசஸர் ஃபேனில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தாலும் இதே கதைதான். சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். மே மாசத்தில் மட்டும் கிராஷ் ஆகும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்களே? ரேம் சரியாக உட்காராவிட்டாலும் கிராஷ். அதைக் கழற்றி, தங்க நிறக் காலை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினாலே சரியான கேஸ்கள் எத்தனையோ. மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம். பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் ரேமின் ஜாதகம் கைக்கு வந்துவிடும்.

இன்னொரு கூத்து. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து "கெர்னல் பவர் 41" என்று ஒரு வரியைக் காட்டி, "பாருங்க, பவர் செக்‌ஷன் போச்சு, போர்டுதான்" என்பார்கள். அந்த 41-க்கு அர்த்தம், முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் திரும்பக் கிளம்பியிருக்கிறது, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். செத்தார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழை வைத்துக்கொண்டு, எதனால் செத்தார் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

நம்ம ஊருக்கென்று தனிச் சங்கதிகளும் உண்டு. பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் பக்கம் கடல் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, ரேம் ஸ்லாட் எம்மாத்திரம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கம்ப்யூட்டரைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த வீடுகள் எவ்வளவோ. கரண்ட் ஓடாத நிலையில் நனைந்த போர்டைச் சுத்தம் செய்து முழுக்கக் காயவைத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. ஈரத்தோடு "ஆன் ஆகுதான்னு பாப்போம்" என்று சுவிட்சைப் போட்டால்தான் காரியம் கெடும்.

போர்டு கெட்டே போகாதா என்று கேட்கலாம். போகும், ஏன் போகாது? 2000-களின் ஆரம்பத்தில் உலகம் முழுக்கப் போனது. மட்டமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் மதர்போர்டுகளில் உப்பி, வெடித்து, பழுப்பாக ஒழுகின. டெல் கம்பெனி 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பிய 1 கோடியே 18 லட்சம் ஆப்டிப்ளெக்ஸ் பெட்டிகள் இந்த ஆபத்தில் இருந்தன என்று, 2007-ல் போடப்பட்ட ஒரு வழக்கின் ஆவணங்கள் 2010-ல் வெளியானபோது தெரிந்தது. அதில் சூப்பர் காமெடி, டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணக்குத் துறையின் கதை. அவர்களுடைய பெட்டிகள் வரிசையாகப் படுத்தபோது டெல் சொன்ன காரணம்: நீங்கள் கஷ்டமான கணக்கெல்லாம் போடவைத்து மெஷினைக் களைப்பாக்கிவிட்டீர்கள்! கணக்குத் துறை கணக்குப் போடாமல் கோலமா போடும்?

இந்தக் கதையில் போர்டு உண்மையிலேயே கெட்டிருந்தது, அங்கே இல்லை என்று மழுப்பினார்கள். இங்கே போர்டு நன்றாக இருக்கிறது, கெட்டுவிட்டது என்கிறார்கள். இரண்டிலும் சொல்கிறவருக்கு எது லாபமோ அதுதான் நோயின் பெயர்.

ரொம்பப் பழைய கதை என்பவர்களுக்குப் புதுசு ஒன்று. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில காரணமே தெரியாமல் கிராஷ் ஆயின. கேம் ஆடினால் "வீடியோ மெமரி போதவில்லை" என்று எரர் வரும், வீடியோ மெமரியோ தாராளமாகக் காலியாக இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள், மதர்போர்டு செட்டிங்கைத் திட்டினார்கள். கடைசியில் 2024 ஜூலையில், தப்பான மைக்ரோகோடினால் பிராசஸருக்கு அதிக வோல்டேஜ் போகிறது என்று இன்டெலே ஒத்துக்கொண்டது. வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டியது. மைக்ரோகோடு அப்டேட்டும் வந்தது, ஆனால் ஏற்கெனவே அடிபட்ட சிப்பை அது குணமாக்காது. யோசித்துப் பாருங்கள், அந்தச் சமயத்தில் இந்தப் பிராசஸரோடு நம்ம தி.நகர் அண்ணனிடம் போய் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கரெக்ட், அதே வாக்கியம். புதுப் போர்டில் அதே பிராசஸர் அதே மாதிரி கிராஷ் ஆகியிருக்கும், காசு போனது போனதுதான்.

அவர்களின் இரண்டாவது அஸ்திரம், "ஃபார்மட் அடிச்சுப் பாத்துடலாம்." மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் பத்து லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்து ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹார்ட்வேர் கோளாறால் ஒரு தடவை கிராஷ் ஆன மெஷின் மறுபடி அப்படி ஆகும் வாய்ப்பு நூறு மடங்கு வரைகூட ஏறுகிறது என்பது அதில் ஒரு முடிவு. அதாவது ஹார்ட்வேர் நோய் திரும்ப வரும். ஃபார்மட் அடித்தால் உங்கள் ஃபைல்கள் போகும், நோய் அங்கேயே இருக்கும். அப்பாவின் ஏழு வருஷக் கணக்கை ஃபார்மட்டுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் பெட்டி மறுபடி அணைந்தால் யாரைப் போய்க் கேட்பது?

இனி என் சப்ஜெக்ட். பி.காம் படிக்கிறவன் இதற்குள் வராமல் போனால் எப்படி :-) பொருளாதாரத்தில் நம்பிக்கைப் பண்டம் என்று ஒன்று உண்டு. 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் எழுதியது. வாங்கி, பயன்படுத்திய பிறகும் அது தேவைதானா என்று வாங்கினவனுக்குத் தெரியாத சரக்கு. டாக்டர், கார் மெக்கானிக், கம்ப்யூட்டர் ரிப்பேர் எல்லாம் இந்த வகை. நோயைச் சொல்கிறவரே மருந்தையும் விற்கிறார். பதினெட்டாயிரம் கொடுத்து மூன்றையும் மாற்றியிருந்தால், "எஸ்எம்பிஎஸ்ஸும் வீக்கா இருக்கு, அதையும் மாத்திடுவோம்" என்று அதே பில்லில் அதுவும் ஏறியிருக்கும், பெட்டியும் ஜோராக ஓடியிருக்கும். நாமும் "அண்ணன் கரெக்டா கண்டுபிடிச்சார்" என்று நாலு பேருக்கு சிபாரிசு செய்திருப்போம். ஏமாந்தது தெரியாமலே ஏமாறுவதுதான் இந்தச் சந்தையின் விசேஷம்.

இங்கே கடைக்காரர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். என் கிளாஸ் நண்பன் ஒருவனின் மாமா ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்தவர். அவர் கேட்டார்: "செக் பண்ண 300 கேட்டா எத்தனை பேர் தர்றீங்க? தொட்டுப் பாத்ததுக்கு முன்னூறான்னு சண்டைக்கு வர்றீங்க. அதே ஆளு பார்ட்ஸுன்னு சொன்னா ஆறாயிரம் எடுத்து வைக்கிறான். அப்ப நான் எதை விக்கணும்?" பதில் சொல்ல முடியவில்லை. அரைமணி நேர மூளை உழைப்புக்கு நாம் வைத்த விலை பூஜ்யம். பூஜ்யம் விலை வைத்த சரக்கை யார் தயார் பண்ணுவார்கள்? உஸ்மான் ரோடு பக்கம் வாடகை கொடுத்துக்கொண்டு ஓசியில் மீட்டர் பிடிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

ஆனால் அந்த நியாயம் பொய் சொல்வதற்கு லைசென்ஸ் ஆகாது. 300 கேளுங்கள், 500 கேளுங்கள், போர்டு எழுதி வாசலில் மாட்டுங்கள். தராதவனைத் திருப்பி அனுப்புங்கள். மயிலாப்பூர் சந்துக்காரர் அதைத்தான் செய்கிறார், அவரும் இதே சென்னையில்தான் வாடகை கொடுக்கிறார். செக் பண்ணாமலே பதினெட்டாயிரத்துக்கு விலை சொல்வதற்கும் பசிக்கும் சம்பந்தம் இல்லை.

"புதுசே வாங்கிடலாம், பழசைக் கட்டிட்டு அழறதா" என்று உபதேசம் செய்யும் சித்தப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். நாலே வருஷத்தில் புத்தக மதிப்பு எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடும். அது புத்தகத்தில். மேஜை மேல் இருக்கும் பெட்டிக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது, அது பாட்டுக்குப் பத்து வருஷம் உழைக்கும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எங்கே போனது என்று பார்த்தீர்கள் அல்லவா? நல்ல ரேமையும் சேர்த்து "மூணும் மாத்தணும்" என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போது புரிந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? பிசினஸ் லா பேப்பரில் பெயில்மென்ட் என்று மனப்பாடம் செய்து தள்ளினோமே, 1872 ஒப்பந்தச் சட்டம், 148-ஆம் பிரிவு. ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் அதேதான். பொருள் நம்முடையது, அவர் கையில் பாதுகாப்புக்கு இருக்கிறது. 151-ஆம் பிரிவுப்படி, சாதாரண விவேகம் உள்ளவன் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். 170-ஆம் பிரிவு கடைக்காரருக்கும் பாதுகாப்பு தருகிறது, வேலை முடித்துவிட்டால் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சட்டம் தரும் உதாரணம் பட்டை தீட்டக் கொடுத்த வைரம். இதில் பரீட்சையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி: கழற்றிய பழைய போர்டு யாருடையது? எக்ஸ்சேஞ்ச் என்று பேசிக் கழித்துக்கொள்ளாத வரை அது நம்முடையதுதான். அதை நாம் கேட்பதே இல்லை. அவர்களும் தருவதே இல்லை. "செத்துப்போன" போர்டு இன்னொரு பெட்டியில் உயிரோடு உட்காராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மத்திய அரசு 2022-ல் ரிப்பேர் உரிமைக்கென்று கமிட்டி போட்டு, அந்த டிசம்பரிலேயே ஒரு போர்ட்டலும் திறந்தது. நல்ல விஷயம், கம்பெனி சர்வீஸ் விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் எஸ்எம்பிஎஸ் ஒரு கம்பெனி, போர்டு ஒரு கம்பெனி, ரேம் ஒரு கம்பெனி என்று அசெம்பிள் செய்த பெட்டிக்கு அது எவ்வளவு தூரம் வரும்? அதைவிட 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் பக்கத்தில் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஆனால் எங்கே போனாலும் கையில் பில் வேண்டும். "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி" என்பதில் அவர் மிச்சம் பிடிப்பது நமக்கான 18 சதவீதம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறோம், கோர்ட்டில் காட்டவேண்டிய ஒரே சாட்சியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

அதனால் அடுத்த தடவை யாராவது "போர்டு போச்சு தம்பி" என்றால் சண்டை போடாதீர்கள். எந்த டெஸ்டில் தெரிந்தது, 12 வோல்ட் லைனில் எவ்வளவு வந்தது, வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். செக் பண்ணியிருந்தால் அதற்கான காசை முகம் சுளிக்காமல் கொடுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், போர்டின் சீரியல் நம்பரை முதலிலேயே போட்டோ எடுத்துக்கொண்டு, பழசைக் கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

"அது எதுக்கு சார், குப்பைதானே" என்பார். குப்பையையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.