வான்வழித் தூரமும் பிரயாண நேரமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பிரயாண நேரம் கிடைக்கும் என்பது வகுப்பறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. ஆகாய விமானத்தைப் பொறுத்தவரை இக்கணக்கு மாணவர்களைத் தவறான முடிவுக்கே இட்டுச் செல்கிறது.

கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸ் இதற்கு வாய்ப்பான உதாரணம். பெங்களூரின் பழைய விமான நிலையத்தையும் சென்னை மீனம்பாக்கத்தையும் தேசப்படத்தில் ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு ஏறக்குறைய இவ்வூரின் மீதே செல்லும். 2008-இல் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்கு மாறிய பின்னர், கோடு சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிட்டது. தேவனஹள்ளியிலிருந்து மீனம்பாக்கத்திற்கு நேர்தூரம் ஏறத்தாழ 268 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 20 நிமிஷம் வரும். கால அட்டவணையோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்கிறது.

எஞ்சிய 40 நிமிஷம் எங்கே போயிற்று? அட்டவணையின் நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைவது முதல் சேருமிடத்தில் நிற்பது வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், முறைக்குக் காத்திருத்தல், மெல்ல ஏறி மெல்ல இறங்குதல் யாவும் அதில் அடங்கும். குறுகிய வழியில் விமானம் முழு வேகத்தை எய்தியவுடனேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது.

காற்றின் பங்கு இன்னும் சுவையானது. விமானம் காற்றை எதிர்நோக்கியே ஏறவும் இறங்கவும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கிழக்கே சென்னைக்குப் போகவேண்டிய விமானம் பெங்களூரில் மேற்கு நோக்கி எழுந்து, வளைந்து திரும்புகிறது. சென்னையை அடைந்ததும் நிலையத்தைக் கடந்து, கடற்பக்கமிருந்து சுற்றிவந்து இறங்குகிறது. வடகிழக்குப் பருவத்தில் இச்சுற்றுகள் பெரும்பாலும் தேவைப்படா. தூரம் ஒன்றே, நேரம் பருவத்திற்குப் பருவம் வேறு. நீண்ட பிரயாணங்களில் மேல்வானக் காற்றையும் சேர்க்க வேண்டும். கோடைப் பருவமழையின்போது தென்னிந்தியாவின் மேல் வீசும் கிழக்குத் தாரைக்காற்றை இந்திய வானிலைத் துறையின் கோட்டேஸ்வரம் 1958-இல் விளக்கினார்.

வகுத்தல் கணக்குக்கு முற்றும் அடங்கிய பிரயாணியும் உண்டு. 1965-இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வாயுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் அறிகுறிகள் பதிவாயின. பூமியின் மறுபுறமிருந்து அதன் மையம் வழியே வரும் நியூட்ரினோ 12,700 கிலோமீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கே போதும். ஏறுதலும் இல்லை, இறங்குதலும் இல்லை.

ஆகவே பாடநூற்கணக்கைத் திருப்பிப் போடுவதே தகும். தூரத்தையும் அட்டவணை நேரத்தையும் தந்து, சராசரி வேகத்தையும் அது குறைந்த காரணங்களையும் மாணவர் காணட்டும். தங்கவயல் பிள்ளைகளுக்கு விமானம்கூட வேண்டுவதில்லை. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். சாம்பியன் நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தையும், தந்தையோ தாயோ வேலையிடம் சேரும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்துவந்தால், கணக்கிற்கு வேண்டிய எண்கள் வீட்டிலேயே கிடைக்கும்.