உறை ஊத்தினா போதுமா, பால் வேண்டாமா? செயற்கை மழையும் துளிகளின் கணக்கும்

2025 அக்டோபர் 28. டெல்லியின் காற்று மாசைக் குறைக்க மழை பெய்விக்கும் முயற்சியாக, கான்பூர் ஐஐடியின் விமானம் இரண்டு முறை பறந்து, சில்வர் அயோடைடும் உப்பும் கலந்த கலவையை மேகங்களில் தூவியது. டெல்லியில் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. மேகத்தில் ஈரப்பதம் 10 முதல் 15 சதவீதம்தான் இருந்தது என்று ஐஐடி விளக்கியது. மறுநாள் முயற்சி தள்ளிவைக்கப்பட்டது. ஐந்து சோதனைகளுக்கு டெல்லி அரசு ஒப்புதல் தந்த தொகை ரூ.3.21 கோடி.

இதைக் கிண்டலடிப்பது ஈஸி. ஆனால், நம்ம ஊரில் ஏரி வறண்டாலும் 'செயற்கை மழை பெய்ய வைக்கலாமே' என்று யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். அது எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்பதை மேகத்துக்குள் இருக்கும் துளிகளின் சைஸே சொல்லிவிடும்.

500 டன் தண்ணீர் ஏன் விழுவதில்லை?

ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட சாதாரண பஞ்சு மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கும். அது மொத்தமாக விழாததற்குக் காரணம், அத்தனையும் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து கிடப்பதுதான். ஒரு மேகத்துளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ. நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அது நொடிக்கு ஒரு செ.மீ. அளவில்தான் இறங்கும். கீழிருந்து எழும் காற்று அதைத் தாங்கிப் பிடித்துவிடும். தப்பி இறங்கினாலும் வழியிலேயே ஆவியாகிவிடும்.

தரைக்கு வரும் மழைத்துளியின் விட்டம் சுமார் 2 மி.மீ. அதாவது 100 மடங்கு பெரியது. கொள்ளளவில் பார்த்தால் 10 லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி!

எல்லாம் ஒரே சைஸ் என்றால்..?

நீராவி தானாகத் துளியாக மாறிவிடாது. ஒட்டிக்கொள்ளத் தூசி, புகை, கடல் உப்பு என ஏதாவது ஒரு துகள் வேண்டும். அதன்மேல் நீராவி படிந்து துளி வளரும். ஆனால், வளர வளர இந்த வளர்ச்சி மந்தமாகிவிடும். அதற்கு மேல் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஜிஎஸ்டி சாலையில் எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் போனால் எதுவும் எதையும் இடிக்காது. ஒரே சைஸ் துளிகளும் அப்படித்தான். லட்சத்தில் ஒரு துளி கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். அது வேகமாக இறங்கி, வழியில் இருப்பவற்றை இழுத்துக்கொண்டு மழைத்துளியாகிவிடும். உயரமான குளிர் மேகங்களில் இந்த வேலையைப் பனித்துகள்கள் செய்கின்றன. சுற்றியுள்ள துளிகள் ஆவியாக, அந்த நீராவியை வாங்கிக்கொண்டு அவை பருத்து விழுகின்றன.

புகை அதிகமானால் கதை மாறுகிறது. 10 பேருக்கான சாப்பாட்டை 100 பேருக்குப் பங்கு வைத்த மாதிரி, இருக்கும் தண்ணீர் ஏகப்பட்ட துகள்களுக்குப் பிரிந்துவிடும். எல்லாத் துளிகளும் சின்னதாகவே நிற்கும். குறிப்பாக, உயரம் குறைந்த மேகங்களில் மழை தள்ளிப்போகும். மாசு நம் நுரையீரலை மட்டும் தொடுவதில்லை.

உறை ஊத்தலாம், பால் எங்கே?

மேக விதைப்பு செய்வது இதைத்தான்: சில பெரிய துளிகளையோ பனித்துகள்களையோ உருவாக்கி, மேகத்துக்குள் அந்த சைஸ் வித்தியாசத்தைக் கொண்டுவருவது. பாலுக்கு உறை ஊத்துவது போல. பால் இருந்தால் தயிராகும். காலிப் பாத்திரத்தில் எவ்வளவு உறை ஊத்தி என்ன பயன்?

மகாராஷ்டிராவின் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில், 2018, 2019 பருவமழைக் காலங்களில் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு மையம் சோதனை நடத்தியது. தூவிய மேகங்களைத் தூவாத மேகங்களோடு ஒப்பிட்டது. காற்று வீசும் திசையில் சுமார் 100 சதுர கி.மீ. பகுதியில் 18 சதவீதம் கூடுதல் மழை கிடைத்ததாக அறிவித்தது. நல்ல பலன்தான். ஆனால், தண்ணீர் நிறைந்த பருவமழை மேகங்களில் கிடைத்த கூடுதல் அது. இல்லாத மழையை யாரும் வரவழைக்கவில்லை.

அதனால், விதைப்பே வேண்டாம் என்பது என் வாதமல்ல. அதற்கான நேரம் பருவமழைக் காலம். வறட்சி உச்சத்தில் இருக்கும்போது வெளியாகும் அறிவிப்பு, பெரும்பாலும் 'ஏதோ செய்கிறோம்' என்று காட்டிக்கொள்ளத்தான் உதவும். வானம் தானாகக் கொட்டும் மாதங்களில் ஏரியைத் தூர்வாரி, வரத்துக் கால்வாயை அடைப்பில்லாமல் வைத்திருப்பதுதான் நிச்சயமாகப் பலன் தரும் செலவு.

அடுத்த முறை செயற்கை மழை அறிவிப்பு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். மேகம் இருக்கா? அதில் தண்ணி இருக்கா? தூவாத மேகத்தோடு ஒப்பிட்டு முடிவை வெளியிடுவாங்களா? மூன்றுக்கும் 'ஆமா' என்று பதில் வந்தால் விமானம் பறக்கட்டும்.